விராலுக்குத் துணை யார்?

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கும் ஆசை உங்களில் பலருக்கு இருக்கும். மன்னார்குடிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் வாழும் மாணவர் ஒருவர் அந்த ஆசையால் தொட்டி ஒன்றை வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். வாய்க்காலில் தண்ணீர் வடியும் சமயத்தில் விரல் நீளமுள்ள விரால் குஞ்சு ஒன்று அவர் கைக்குக் கிடைக்கிறது. அதே நீளத்தில் கெண்டைக் குஞ்சுகள் ஆறும் கிடைக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் விடுகிறார். முதல் இரண்டு வாரங்கள் யாவும் ஒற்றுமையாகவே திரிகின்றன. பிறகு ஒரு நாள் காலையில் எண்ணிப் பார்த்தால் கெண்டைகள் ஐந்து. அடுத்த வாரம் மூன்று. மாதம் முடியும்போது விரால் மட்டுமே இருக்கிறது. அதுவும் நன்றாகக் கொழுத்திருக்கிறது.

தவறு எங்கே நேர்ந்தது? மற்ற மீனைத் தின்று வாழும் மீனோடு வேறு எந்த மீனைச் சேர்த்து வைக்கலாம்? கண்ணாடித் தொட்டி தோன்றுவதற்கு முன்பே காவிரிப் படுகையின் குளக்கரைகளில் எழுந்துவிட்ட கேள்வி இது. மீன்பாசி குத்தகை எடுத்தவரும், மீன்வளத் துறையினரும், அறிவியலாரும் இதற்கு விடை தேடியிருக்கிறார்கள். அந்த வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம். அதைத் தெரிந்துகொண்டால் தொட்டிக்குத் துணைமீன் தேர்ந்தெடுப்பதும் எளிதாகிவிடும்.

தரங்கம்பாடியிலிருந்து பெர்லினுக்கு

நம் விராலுக்கு உலக அறிவியலில் பெயர் கிடைத்த கதையே தஞ்சைக் கடற்கரையில்தான் தொடங்குகிறது. 1620-ஆம் ஆண்டில் தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கரின் இசைவு பெற்று டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியில் குடியேறினார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே வந்த கிறித்தவ மறைபரப்பாளர்களுள் சிலர் செடிகொடிகளையும் உயிரினங்களையும் ஆராய்வதில் ஈடுபாடு கொண்டிருந்தனர். 1771-இல் தரங்கம்பாடிக்கு வந்து, 1813-இல் இறக்கும்வரை அங்கேயே பணியாற்றிய கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் அவர்களுள் ஒருவர். அவர் இப்பகுதியின் கடல் மீன்களையும் நன்னீர் மீன்களையும் சேகரித்துப் பெர்லின் நகரத்து மருத்துவர் மார்க்கஸ் எலீசர் பிளாக் என்பவருக்குக் கப்பலில் அனுப்பி வந்தார்.

பிளாக் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. ஆயினும் உலகெங்குமிருந்து தமக்கு வந்த மீன்களைக் கொண்டு 1782 முதல் 1795 வரை 432 வண்ணப் படங்களுடன் ஒரு மாபெரும் மீனியல் நூல் வரிசையை வெளியிட்டார். பனையேறி கெண்டை 1792-இலும், விராலும் குறவையும் 1793-இலும், முள்ளால் கொட்டும் தேளி மீன் 1794-இலும் அவரால் விவரிக்கப்பட்டன. பிளாக் 1799-இல் காலமானபின், அவருடைய குறிப்புகளை ஷ்னைடர் என்பவர் முடித்து 1801-இல் வெளியிட்டார். நம் வாளை மீனின் அறிவியற் பெயர் அந்த நூலில்தான் முதன்முதல் வந்தது. தமக்கு மீன் அனுப்பிய ஜானின் நினைவாகக் கத்தாழை மீன்களின் ஓர் இனக்குழுவுக்கு பிளாக் 'ஜானியஸ்' என்று பெயர் வைத்தார்.

விராலின் தலை பாம்பின் தலையைப் போலத் தட்டையாக, பெரிய செதில்களால் மூடப்பட்டிருக்கும். அதனால் பிளாக் அதற்குப் 'பாம்புத் தலை' என்று பொருள்படும் கிரேக்கப் பெயரை இட்டார். பிரெஞ்சு அறிஞர் லாசெபேட் 1801-இல் இதே மீன்களுக்கு நம்மவர் வழங்கிய பெயர்களையே அறிவியற் பெயர்களாக எழுதிவிட்டார். விரால் 'வ்ரால்' ஆயிற்று. குறவை 'கர்ருவெய்' ஆயிற்று. முதலில் இட்ட பெயரே நிலைக்கும் என்னும் விதிப்படி லாசெபேடின் பெயர்கள் பின்னர் வழக்கிழந்தன. ஆனாலும் நம் குளக்கரைச் சொற்கள் பாரிஸ் நகரத்து அச்சுக்கூடம்வரை போய்வந்தன என்பதை எண்ணிப் பார்க்க மகிழ்ச்சியாக இருக்கிறது.

இதே தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ப் என்ற டேனிஷ் படை அதிகாரி 1791-ஆம் ஆண்டு நவம்பரில் ஒரு விந்தையைக் கண்டதாக எழுதினார். குளக்கரைப் பனைமரம் ஒன்றில், நீர்மட்டத்துக்கு ஐந்தடி உயரத்தில், ஒரு மீன் ஏறிக்கொண்டிருந்ததாம்! அதுவே பனையேறி கெண்டை. 1797-இல் இச்செய்தி இலண்டனில் அச்சாயிற்று. அம்மீன் உண்மையிலேயே மரம் ஏறியதா, பறவை கவ்விச் சென்று போட்டதா என்று பிற்காலத்தில் பலர் வாதிட்டனர். ஆனால் அது ஈரத்தரையில் செவுள் மூடிகளை ஊன்றி ஊன்றி நகர்ந்து ஒரு குளத்திலிருந்து மற்றொரு குளத்துக்குப் போகும் என்பதில் ஐயமில்லை. விராலும் அப்படித்தான். மழை இரவில் வரப்பைத் தாண்டும் விராலைப் பார்த்தவர்கள் நம் ஊர்களில் உண்டு. தொட்டிக்கு மூடி வேண்டும் என்பது இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் முதல் பாடம்.

விராலின் இயல்பு

பனையேறி, விரால், குறவை, தேளி ஆகியவை தண்ணீரில் கரைந்துள்ள பிராணவாயுவை மட்டும் நம்பி வாழ்பவை அல்ல. செவுளுக்கு மேலே இவற்றுக்குத் துணைச் சுவாச உறுப்பு ஒன்று உண்டு. அடிக்கடி நீர்மட்டத்துக்கு வந்து காற்றை விழுங்கிச் செல்லும். மேலே வர முடியாதபடி வலையிட்டுத் தடுத்தால் விரால் தண்ணீரிலேயே மூச்சுத் திணறி இறந்துவிடும். கோடையில் குட்டை சேறாகும்போது மற்ற மீன்கள் மடிய, இவை பிழைத்திருப்பதற்கும், சந்தையில் விராலைச் சிறிதளவு தண்ணீரில் உயிரோடு வைத்து விற்பதற்கும் காரணம் இதுவே.

விரால் விரட்டிப் பிடிக்கும் மீன் அன்று; பதுங்கிப் பிடிக்கும் மீன். புல்லோடு புல்லாக அசையாமல் நிற்கும். இரை அருகே வந்ததும் ஒரே பாய்ச்சலில் வாயைத் திறந்து உள்ளே இழுத்துக்கொள்ளும். கடித்துத் துண்டாக்கும் பழக்கம் அதற்கு இல்லை. இரையை முழுதாகவே விழுங்கும். எனவே விராலின் வாய்க்குள் எது நுழையுமோ அது இரை. தன் நீளத்தில் பாதி நீளம் உள்ள ஒல்லியான மீனையும் அது விழுங்கிவிடும். ஆனால் அதைவிடக் குட்டையான மீனாயினும், உடல் தட்டைபோல் அகன்று உயர்ந்திருந்தால் விழுங்க முடியாமல் விட்டுவிடும். ஆகவே மீனின் நீளத்தைக் காட்டிலும் அதன் உடலின் உயரமே இங்கு முக்கியம்.

இத்தகைய விரால் தன் குஞ்சுகளிடம் காட்டும் பரிவு வியப்புக்குரியது. நீர்த்தாவரங்களை ஒதுக்கி வட்டமாக இடம் செய்து முட்டையிடும். முட்டைகள் மேலே மிதக்கும். பொரிந்த குஞ்சுகள் செம்மஞ்சள் நிறத்தில் கூட்டமாக, ஒரு பந்து உருள்வதுபோல் நீர்மட்டத்தில் திரியும். பெற்றோர் அடியிலேயே நின்று காவல் காக்கும். காவல் முடிந்து குஞ்சுகள் தனித்து வாழத் தொடங்கியதும், வளர்ச்சியில் முந்திக்கொண்ட குஞ்சு பிந்திய குஞ்சைத் தின்னத் தொடங்குகிறது. விரால் பண்ணை வைத்திருப்பவர்கள் குஞ்சுகளை அடிக்கடி அளவுவாரியாகப் பிரித்து வெவ்வேறு தொட்டிகளில் விடுவது இதனால்தான். ஒரு வயிற்றில் பிறந்தவையே அளவு வேறுபட்டால் இரையும் இரைகொல்லியுமாக மாறிவிடுகின்றன. நம் மாணவரின் தொட்டியில் நடந்ததும் இதுவே. முதல் வாரத்தில் எல்லாம் ஒரே அளவு. விரால் கெண்டையைவிட வேகமாக வளர்ந்தது. அதன் வாய் அகன்ற அளவுக்குக் கெண்டையின் உடல் பருக்கவில்லை.

குளத்தில் யாருக்கு இடம்?

சென்னை மாகாணத்தில் மீன்வளத்துக்கெனத் தனி அமைப்பு 1907-இல் ஏற்பட்டது. அதற்கு வழிகாட்டியவர் சர் பிரெடரிக் நிக்கல்சன். ஆறுகளிலும் ஏரிகளிலும் தாமாக வளரும் மீனைப் பிடிப்பதோடு நிற்காமல், நல்ல இன மீன்களைக் கொண்டுவந்து வளர்க்க வேண்டும் என்னும் எண்ணம் அக்காலத்தில் வலுப்பெற்றது. கோதாவரிக்கு உரிய கட்லா மீன் காவிரிக்கு வந்து சேர்ந்தது அந்த முயற்சியால்தான். 1934-இல் மேட்டூர் அணை திறக்கப்பட்டபின் கட்லாவுக்கு அங்கே பெரியதொரு வீடும் கிடைத்தது.

ஆனால் கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய பெருங்கெண்டைகள் குளத்து நீரில் முட்டையிடுவதில்லை. வெள்ளம் பாயும் ஆற்றில்தான் இனப்பெருக்கம் செய்யும். ஆகவே குஞ்சுகளை ஆற்றிலிருந்து பிடித்து வரவேண்டியிருந்தது. அவற்றோடு வாளை, விரால் குஞ்சுகளும் கலந்தே வரும். இந்தத் தடையை உடைத்தவர் ஹிராலால் சௌத்ரி. 1957-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் ஒரிசாவின் அங்குல் என்னுமிடத்தில், பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசிமூலம் செலுத்திப் பெருங்கெண்டையைக் குளத்திலேயே முட்டையிடச் செய்தார். அந்த நாளே இன்று தேசிய மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

குஞ்சு கிடைத்துவிட்டது. எதை எதனோடு விடுவது? இதற்கு விடையாகத்தான் கூட்டு மீன் வளர்ப்பு என்னும் முறை வந்தது. 1971-இல் இதற்கென அகில இந்திய ஒருங்கிணைந்த ஆராய்ச்சித் திட்டம் தொடங்கப்பட்டது. கட்லா மேல்மட்டத்தில் நுண்ணுயிர்களை உண்ணும். ரோகு நடுநீரில் மேயும். மிர்கால் அடிச்சேற்றில் இரை தேடும். 1957-இல் பாங்காக்கிலிருந்து வந்த சாதாக் கெண்டையும், 1959-இல் வந்த வெள்ளிக் கெண்டையும் புல் கெண்டையும் இவற்றோடு சேர்ந்தன. ஒரு வீட்டில் ஒருவர் மாடியிலும், ஒருவர் கூடத்திலும், ஒருவர் திண்ணையிலும் அவரவர் சாப்பாட்டோடு இருப்பதைப் போன்ற ஏற்பாடு இது. எக்டேருக்கு ஏறத்தாழ 5,000 குஞ்சுகள் விடுவது அக்காலப் பரிந்துரை.

இந்தக் கூட்டுக்குடும்பத்தில் விராலுக்கு இடம் கொடுக்கவில்லை. குஞ்சு விடுமுன் குளத்தை வற்றவைத்து விரால், வாளை, கெளுத்தி யாவற்றையும் அகற்ற வேண்டும். வற்றவைக்க முடியாத குளத்துக்கு இலுப்பைப் பிண்ணாக்கு. ஒரு எக்டேர் பரப்பில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு 2,500 கிலோ கரைத்தால், அதிலுள்ள சபோனின் என்னும் பொருள் மீனின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துக் கொன்றுவிடும். இரண்டு மூன்று வாரங்களில் நஞ்சு நீங்கிப் பிண்ணாக்கே எருவாகிவிடும். அளவு பார்த்து மீன் விடும் வழக்கமும் அப்போதே நிலைபெற்றது. பெரிய நீர்த்தேக்கங்களில் எல்லா ஊனுண்ணி மீன்களையும் அகற்ற இயலாது. ஆகையால் அங்கே 10 சென்டிமீட்டருக்குக் குறையாத குஞ்சுகளை விடவேண்டும் என்றார்கள். விராலின் வாயை மாற்ற முடியாது. குஞ்சின் அளவை நாம் மாற்றலாம். 'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்னும் நம் பழமொழிக்கு மீன்வளத் துறையினர் கண்ட புதுப்பொருள் இது எனலாம்.

ஜிலேபி கெண்டையும் காவல்கார விராலும்

விராலை விரட்டிய குளங்களிலேயே அதன் அருமை தெரியவந்தது. 1952-இல் ஆப்பிரிக்காவுக்கு உரிய திலேப்பியா மீன் மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்டது. நம் மக்கள் அதை ஜிலேபி கெண்டை என்றே அழைக்கிறார்கள். எந்த நீரிலும் வாழும், எதையும் தின்னும், விலை மலிவாக இருக்கும் என்று அதைப் போற்றினார்கள். ஆனால் அது தாய் மீன் முட்டைகளை வாயிலேயே அடைகாக்கும் இனம். குஞ்சுச் சேதம் மிகக் குறைவு. சில மாதங்களிலேயே பருவமடைந்து மீண்டும் மீண்டும் குஞ்சு பொரிக்கும். விளைவு, குளம் நிறைய விரலளவு மீன். தட்டில் வைக்கத் தக்கது ஒன்றும் இல்லை. 1959-இல் அதை மேலும் பரப்பக் கூடாதென்று மீன்வள ஆராய்ச்சிக் குழு அறிவுறுத்தியது. அதற்குள் அது தமிழகமெங்கும் பரவிவிட்டது.

இங்கேதான் விரால் திரும்பி வருகிறது. திலேப்பியாக் குளத்தில் அளவாக விரால் விட்டால், அது புதிய குஞ்சுகளைத் தின்று எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும். எஞ்சிய மீன்களுக்கு இரை தாராளமாகக் கிடைத்து அவை பெரிதாக வளரும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. முதலில் திலேப்பியாவை விட்டு, அது விராலின் வாய்க்கு அடங்காத அளவு வளர்ந்த பிறகே, சிறிய விராலை விடவேண்டும். வரிசை மாறினால் கணக்கும் மாறிவிடும்.

இதே கணக்கை அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் ஆபர்ன் நகரில் ஸ்விங்கிள் என்ற அறிஞர் பண்ணைக் குட்டைகளில் ஆராய்ந்தார். இரைமீன்களின் மொத்த எடையை ஊனுண்ணி மீன்களின் மொத்த எடையால் வகுத்து ஒரு விகிதம் கண்டார். அது 3-க்கும் 6-க்கும் இடையில் இருக்கும் குட்டைகளே ஆண்டுதோறும் நல்ல விளைச்சல் தருகின்றன என்று 1950-இல் எழுதினார். ஒரு கிலோ ஊனுண்ணிக்கு மூன்று முதல் ஆறு கிலோ இரைமீன் இருக்கவேண்டும் என்பது இதன் பொருள். விகிதம் மிகக் குறைந்தால் கொல்லும் மீன் பட்டினி கிடக்கும். மிகக் கூடினால் இரைமீன் பெருகிக் குறுகிப்போகும்.

கொல்வதும் வாழ்வதும் ஓரிடத்தில்

ஆனால் நம் படுகையில் எவரும் எடை போட்டு மீன் விடாத காலத்திலும் விராலும் கெண்டையும் அயிரையும் ஒன்றாகத்தானே வாழ்ந்து வந்தன? விரால் ஏன் எல்லாவற்றையும் தின்று தீர்க்கவில்லை?

இதற்கு விடை தேட ரஷ்ய அறிவியலார் காஸ் 1934-இல் வெளியிட்ட ஒரு சோதனையைப் பார்ப்போம். அவர் சோதனைக் குழாயில் பரமீசியம் என்னும் நுண்ணுயிரை வளர்த்து, அதைத் தின்னும் டிடினியம் என்னும் மற்றொரு நுண்ணுயிரை அதில் விட்டார். தெளிந்த நீரில் டிடினியம் எல்லாப் பரமீசியத்தையும் தின்றுவிட்டுப் பிறகு தானும் பட்டினியால் மடிந்தது. அடியில் வண்டல் இட்டபோது சில பரமீசியங்கள் அதற்குள் ஒளிந்து தப்பின. மேலே இருந்த டிடினியம் மடிந்தபின் அவை மீண்டும் பெருகின. மூன்றாவது முறையில், குறிப்பிட்ட நாட்களுக்கு ஒருமுறை இரண்டிலும் ஒவ்வொன்றை வெளியிலிருந்து சேர்த்துவந்தார். அப்போதுதான் இரண்டும் ஏறியும் இறங்கியும் நீண்டநாள் சேர்ந்து வாழ்ந்தன.

காஸ் குழாயில் செய்ததைக் காவிரி ஆண்டுதோறும் நம் வயல்களில் செய்துவருகிறது. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கப்படுகிறது. கல்லணையைத் தாண்டிய நீர் காவிரி, வெண்ணாறு, வாய்க்கால், கன்னி வாய்க்கால் என்று பிரிந்து குறுவை வயலுக்கும் குளத்துக்கும் பாய்கிறது. அதனோடு மீன் குஞ்சுகளும் புகுகின்றன. பயிர் மறைவில் சிறுமீன்கள் ஒளிகின்றன. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் குளமும் வயலும் ஒன்றாகி எல்லாம் கலைந்து பரவுகின்றன. கோடையில் குட்டைகள் சுருங்கும்போது விராலுக்கு விருந்து. அதற்குள் அடுத்த நீர் வந்துவிடுகிறது. ஒளிய இடமும், வந்துபோகும் வழியும், கலைத்துப்போடும் வெள்ளமும் இருந்ததனால்தான் இரையும் இரைகொல்லியும் ஒரே ஊரில் வாழ முடிந்தது. விராலின் கருணையால் எந்தக் கெண்டையும் பிழைக்கவில்லை.

கண்ணாடித் தொட்டி இவை மூன்றும் இல்லாத இடம். அது காஸின் தெளிந்த நீர்க்குழாய்.

தொட்டிக்குத் திரும்புவோம்

இனி நம் மாணவருக்கு என்ன சொல்லலாம்? முதலில், விரால் வீட்டுத் தொட்டிக்கு ஏற்றதன்று. இரண்டடி நீளத்துக்கு மேலும் வளரும் மீன் அது. சிறிய இனமாகிய குறவையைப் பெரிய தொட்டியில் வளர்க்கலாம். அதற்குத் துணை தேடும்போது நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

முதற் கேள்வி, வாய்க்குள் நுழையுமா? இன்றைய அளவைப் பார்க்காமல் ஆறு மாதம் கழித்து இரண்டும் எந்த அளவில் இருக்கும் என்று பார்க்கவேண்டும். உடல் உயர்ந்த, வேகமாக வளரும் மீனே தக்க துணை. முள் இருக்கிறது என்று கெளுத்தியையோ தேளியையோ நம்பி விடக்கூடாது. விழுங்கப்பட்ட கெளுத்தி முள்ளை விறைத்துக்கொண்டால் இரண்டும் சாகும்.

இரண்டாவது, இடம் ஒன்றா, வேறா? அடியில் பதுங்கும் ஊனுண்ணிக்கு அடியில் வாழும் மற்றொரு மீனைத் துணையாக்கினால் சண்டை உறுதி. நடுநீரில் நீந்தும் மீன் மேல். கூட்டு மீன் வளர்ப்பின் மாடி, கூடம், திண்ணை ஏற்பாட்டை இங்கே நினைவுகூரலாம்.

மூன்றாவது, யார் முதலில் குடிபுகுவது? துணைமீன்களை முதலில் விட்டு, அவை இடம் பழகிய பிறகு, ஊனுண்ணியைச் சிறியதாகவே கடைசியில் விடவேண்டும். திலேப்பியாக் குளத்தில் கண்ட விதி இது. ஓடும் கல்லும் நீர்ச்செடியும் வைத்து மறைவிடம் செய்து தருதல் காஸின் வண்டலுக்கு ஈடாகும்.

நான்காவது, மூச்சு. தொட்டிக்கு மூடி வேண்டும். மூடிக்கும் நீருக்கும் நடுவே காற்று நிற்க இடைவெளியும் வேண்டும். தரங்கம்பாடிப் பனையேறியையும் மூச்சுத் திணறும் விராலையும் ஒருசேர நினைவில் வைத்தால் இது மறக்காது.

இவ்வளவு பார்த்தும் உறவுகள் மாறக்கூடும். கேரளத்தார் கரிமீன் என்று போற்றும் மீனும் அதன் சிறிய மஞ்சள்நிற உறவினமும் ஒன்றாக வாழ்வதை ஆராய்ந்த வைமன், வார்டு என்ற இருவர் 1972-இல் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். சிறிய மஞ்சள் மீனின் இளங்குஞ்சுகள் கரிமீனின் உடலிலுள்ள ஒட்டுண்ணிகளையும் காளானையும் கொத்தித் தின்று அதைத் தூய்மை செய்கின்றன. கரிமீனும் அசையாமல் நின்று இடம் கொடுக்கிறது. அதே மஞ்சள் மீன் இனம் கரிமீனின் முட்டைகளையும் பொரித்த குஞ்சுகளையும் தின்னும் பகையாகவும் இருக்கிறது! ஆகவே 'இன்ன மீனோடு இன்ன மீன் சேரும்' என்று கடைக்காரர் தரும் பட்டியலோடு நின்றுவிடாமல், நாள்தோறும் தொட்டிமுன் உட்கார்ந்து கவனிப்பதே நல்லது.

தொட்டியை விட்டு வெளியேறினால்

கடைசியாக ஒன்று. துணை சேராத மீனை, அல்லது தொட்டிக்கு அடங்காமல் வளர்ந்துவிட்ட மீனை என்ன செய்வது? 'பக்கத்து ஆற்றில் விட்டுவிட்டால் பிழைத்துப் போகட்டும்' என்று இரக்கப்படுவோர் பலர். இந்த இரக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு விராலின் உறவு மீனே சான்று.

2002-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்தில் கிராப்டன் என்ற ஊர்க்குட்டையில் ஆசியாவைச் சேர்ந்த விரால் இனம் ஒன்று பிடிபட்டது. நோயுற்ற உறவினருக்குச் சூப்பு வைத்துத் தர ஒருவர் அம்மீன்களை உயிருடன் வாங்கியிருந்தார். நம் ஊரிலும் உடல் தேறுவதற்கு விரால் குழம்பு வைத்துத் தருவோம் அல்லவா? உறவினர் குணமாகிவிட்டதால் அவர் மீன்களைக் கொல்ல மனமில்லாமல் குட்டையில் விட்டுவிட்டார். தேடியபோது அங்கே ஆயிரத்துக்கு மேற்பட்ட குஞ்சுகள் இருந்தன! குட்டை முழுவதும் நஞ்சிட்டு அழிக்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் விரால் குடும்பம் முழுவதையும் உயிருடன் இறக்குமதி செய்வதை அமெரிக்கா தடுத்தது. ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் இன்னும் பெரிய இழப்பு. அங்கே 1950-களில் கொண்டுவந்து விடப்பட்ட நைல் பெர்ச் என்னும் ஊனுண்ணி மீன், வேறெங்கும் இல்லாத நூற்றுக்கும் மேற்பட்ட சிறுமீன் இனங்கள் அழிவதற்குப் பெருங்காரணமாயிற்று.

நம் நாட்டிலும் இது நடந்துகொண்டிருக்கிறது. ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பதை இந்திய அரசு 2000-இல் தடை செய்தது. ஆனாலும் அது திருட்டுத்தனமாக வளர்க்கப்பட்டு ஆறுகளில் புகுந்துள்ளது. 2018-இல் கேரளத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தபின், அமேசானுக்கு உரிய அரபைமா, வட அமெரிக்காவுக்கு உரிய முதலைமூக்கு மீன் ஆகியவை அங்குள்ள ஆறுகளில் வலையில் விழுந்தன. யாரோ தொட்டியிலும் குட்டையிலும் வளர்த்தவை அவை. வெள்ளம் நாட்டுமீன்களைக் கலைத்துப் பரப்பிப் படுகையை வாழவைக்கிறது என்று முன்னே கண்டோம். அதே வெள்ளம் அயல்மீனையும் அதே வழியில் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

நம் விராலுக்கு ஏற்கெனவே வேண்டிய அளவு துன்பங்கள் உண்டு. 1988-இல் வடகிழக்கு எல்லை வழியாக இந்தியாவுக்குள் வந்து பரவிய புண்நோய் எல்லா மீன்களையும்விட விரால் இனத்தையே கடுமையாகத் தாக்கியது. வயலில் தெளிக்கும் பூச்சிமருந்தும், தூர்ந்துபோகும் குட்டைகளும் அதன் இடத்தைக் குறைக்கின்றன. இந்த நிலையில் அதன் வீட்டுக்குள் பசித்த அந்நியன் ஒருவனை நாமே அழைத்துவரக் கூடாது.

ஆகவே இளைஞர்களே, மீன் வாங்குமுன் அது எவ்வளவு பெரிதாகும், எத்தனை ஆண்டு வாழும் என்று கேளுங்கள். கடைசிவரை வைத்துக் காப்பாற்ற முடியுமானால் வாங்குங்கள். முடியாத நிலை வந்தால் கடைக்கே திருப்பிக் கொடுங்கள். வளர்க்கக்கூடிய மற்றொருவருக்குக் கொடுங்கள். வாய்க்காலில் மட்டும் விடாதீர்கள். அடுத்த ஜூன் மாதம் உங்கள் ஊர் வாய்க்காலுக்குப் புதுநீர் வரும்போது கரையில் நின்று பாருங்கள். செம்மஞ்சள் குஞ்சுக் கூட்டமும், அதன் அடியில் கரிய நிழல்போல் காவல் நிற்கும் விராலும் இன்னும் சில இடங்களில் கண்ணுக்குப் படும்.